த்ரீ மினிட்ஸ் ஓவர்

இந்தியத் தந்திச் சட்டம், 1885. அதன் 26ஆம் பிரிவு, தந்தி ஊழியர் ஒருவர் பிறருடைய செய்தியை முறைகேடாக இடைமறித்தாலோ வெளியே சொன்னாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வாகி 1981இல் பயிற்சிக்குப் போன எங்களுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார்கள். லைன் கிடைத்ததா, இரண்டு பக்கமும் குரல் போகிறதா என்று பார். பிறகு காதை எடுத்துக்கொள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்பதும் குற்றம்.

இன்று எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. திருச்சியில் முதியோருக்கான ஒரு தொண்டு அமைப்பில் தொலைபேசி ஆலோசகராக இருக்கிறேன். கேட்பதுதான் என் வேலை. அன்று தண்டனைக்குரியதாக இருந்தது இன்று என் கடமையாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்த தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் கதை பெரியது என்பதால் இல்லை. என்னைப் போல வேலையிலிருந்து வேலைக்கு, ஊரிலிருந்து ஊருக்கு நகர்த்தப்பட்ட பெண்கள் ஏராளம். போகிற இடமெல்லாம் அவர்கள் எதைக் கையோடு எடுத்துப் போனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

எங்கள் ஊர் விருதுநகர். அப்பாவுக்குக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் படித்தால் டீச்சர், நர்ஸ், டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர் இவற்றில் ஒன்றுக்குப் போகலாம். அதில் டெலிபோன் இலாகாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை வைத்து ஆள் எடுத்தார்கள். யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். எவர் சிபாரிசும் வேண்டாம். மார்க் இருந்தால் ஆர்டர் வரும். ஆர்டர் வந்த அன்று பெரியப்பா, "பொம்பளப் பிள்ளைய ஷிப்டு வேலைக்கு அனுப்பவா படிக்க வச்ச?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்: "கவுர்மென்டு வேலை. கடைசி காலத்துல பென்சன் வரும். போகட்டும்." அந்தப் பென்சன் எனக்கு எதை வாங்கித் தரப்போகிறது என்பது அன்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னது சரி.

இந்த வேலை பெண்களுக்கு வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. தொலைபேசி வந்த புதிதில் அமெரிக்காவில் தந்தி அலுவலகப் பையன்களைத்தான் ஆபரேட்டர்களாக உட்காரவைத்தார்கள். அவர்கள் அழைப்பவர்களைக் கிண்டல் செய்தார்கள், சண்டைக்கும் போனார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் பணியில் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. அவருடைய குரலும் பொறுமையும் வாடிக்கையாளர்களுக்குப் பிடித்துப்போக, நாடு நாடாகப் பெண்களே அந்த நாற்காலிக்கு வந்தார்கள். பொறுமை என்பது பெண்ணோடு பிறந்தது, அதற்கெனத் தனியாகச் சம்பளம் தர வேண்டியதில்லை என்ற எண்ணமும் அன்றே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் வேலைக்கு வந்தபோதும் அது இறங்கியிருக்கவில்லை.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் விருதுநகர் ட்ரங்க் போர்டில் காலை நேரம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அந்தப் பொறுமையின் எடை புரியும். மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் விலையெல்லாம் எங்கள் ஊர் மார்க்கெட்டில் நிர்ணயமாகிப் பத்திரிகையில் வரும். அந்த விலை அசைவது ட்ரங்க் காலில். 180க்குப் போன் போட்டு பம்பாய்க்கு, கல்கத்தாவுக்கு, குண்டூருக்கு என்று புக் செய்வார்கள். ஆர்டினரி என்றால் காத்திருக்க வேண்டும். அர்ஜென்ட் என்றால் இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. "தாயி, லைன் வந்துச்சா?" என்று அண்ணாச்சிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். "மதுரை பிஸியா இருக்கு அண்ணாச்சி, வரிசைப்படி தாரேன்" என்று ஒவ்வொருவருக்கும் முதல் தடவை சொல்வது போலச் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் நம்பர், புக் செய்த நேரம், பேச ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எல்லாம் எழுத வேண்டும். காதில் ஹெட்செட், ஒரு கையில் பென்சில், மறு கையில் கார்டு. பூக்கட்டுகிற பெண்ணின் விரல்கள் போல, கண் பார்க்காமலே கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 3 நிமிடம் ஆனதும் நடுவே நுழைந்து, "த்ரீ மினிட்ஸ் ஓவர், கன்டினியூ பண்றீங்களா?" என்று கேட்க வேண்டும்.

பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஆளை வரவழைத்துப் பேசுவது. கிராமத்தில் போஸ்ட் ஆபீசிலோ ரைஸ் மில்லிலோ ஒரே ஒரு போன் இருக்கும். அங்கே சொல்லி, ஒருவர் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவார். அதுவரை லைனில் காத்திருப்பது நாங்கள். மூச்சிரைக்க ஓடிவந்த பெண் ரிசீவரை எடுத்து "ஹலோ" என்று சொன்னதும் விலகிக்கொள்ள வேண்டும். மகப்பேறு, சாவு, கல்யாணம் நின்றது, மகன் ஓடிப்போனது, எல்லாம் எங்கள் விரல் வழியாகத்தான் போயின. விலகு என்பது சட்டம், விலகினோம். ஆனால் 3 நிமிடம் கழித்து உள்ளே நுழையும்போது அங்கே அழுகை கேட்கும். அந்த அழுகைக்குக் குறுக்கே "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொல்வதற்குக் குரலில் எவ்வளவு மென்மை வேண்டும், எவ்வளவு உறுதி வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் அக்காக்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டோம்.

எங்களுக்குள் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். "மதுரை, ஒரு பம்பாய் அர்ஜென்ட்." "சாத்தூர், உங்க பார்ட்டி லைன்ல இருக்காங்க." பல வருடம் ஒரே குரலோடு வேலை செய்திருப்போம்; முகம் தெரியாது. ஆனால் மதுரைக்குச் சளி பிடித்திருக்கிறதா, கோவில்பட்டி வீட்டில் சண்டை போட்டுவிட்டு டியூட்டிக்கு வந்திருக்கிறாளா என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். மனிதர்களைக் காதால் அறியும் இந்தத் திறமைக்கு அன்று ஒரு பெயரும் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் அதை எழுத ஓர் இடமும் இல்லை.

முதல் மாற்றம் கல்யாணத்தோடு வந்தது. கணவருக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. தபால் தந்தி இலாகா ஊழியர்களுக்கு ரூல் 38 என்றால் அன்று மனப்பாடம். சொந்த விருப்பத்தின் பேரில் வேறு கோட்டத்துக்கு மாறுதல் கேட்கலாம். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் சீனியாரிட்டிப் பட்டியலின் கடைசியில்தான் பெயர் வரும். அந்த விதியில் ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனாலும் கல்யாணமானால் ஊர் மாறுவது பெண் என்பதால், அந்தப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் பெண்கள். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருச்சியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் என் பெயர் இருந்தது. விடுப்பிலிருந்து டியூட்டி சார்ட்டு வரை எல்லாவற்றிலும் கடைசி. காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் என்று பிரித்துப் போடும் ஸ்ப்ளிட் டியூட்டி என் பங்குக்கு வந்தது. நடுவில் கிடைத்த பகல் பொழுதில் சமைத்தேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்து பி.ஏ. முடித்தேன். அந்தப் பட்டம் எனக்கு உடனே எதையும் தரவில்லை. ஆனால் படிப்பை இடையிலே விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்ற துணிச்சலை அது கொடுத்தது. பின்னால் அந்தத் துணிச்சல்தான் உதவியது.

இரண்டாவது மாற்றம் எங்கள் எல்லோர் மேலும் வந்தது. ஆபரேட்டர் இல்லாமல் தானே இணைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891இலேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். அவர் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில்காரர். போட்டிக் கடைக்காரரின் மனைவி ஆபரேட்டராக இருந்து தனக்கு வரும் அழைப்புகளைத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில் அவர் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதுண்டு. இந்தியாவில் 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தது. 1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கிய பிறகு உள்நாட்டிலேயே செய்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் சிற்றூர் வரை போயின. தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் முளைத்தது. ட்ரங்க் போர்டில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. புக்கிங் குறைந்து, ஒருநாள் காலை நேரத்திலும் போர்டு சும்மா இருந்தது.

அந்த நாட்களில் எங்களுக்குள் பயம் இருந்தது. வேலை போய்விடாது, ஆனால் நாம் எதற்கு என்ற கேள்வி வந்துவிட்டது. அதே நேரத்தில் வெளியே இன்னொன்றும் நடந்தது. அந்த எஸ்.டி.டி. பூத்துகளில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துப் பில் கொடுத்தவர்களில் ஏராளமானோர் பெண்கள், மாற்றுத்திறனாளிகள். எங்கள் நாற்காலியை எடுத்த அதே தொழில்நுட்பம் தெருவில் வேறு பெண்களுக்கு நாற்காலி போட்டது. பிறகு கைபேசி வந்து அவர்களுடைய நாற்காலியையும் எடுத்துக்கொண்டது. எங்களை இலாகா பயிற்சி கொடுத்து வேறு வேலையில் அமர்த்தியது. பூத் வைத்திருந்தவர்களை அப்படி அமர்த்த யாரும் இல்லை. மாற்றத்தை வாழ்த்திப் பேசும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை நான் நினைத்துக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் பயிற்சி முடித்து 197 டைரக்டரி விசாரணையிலும் 198 பழுதுப் புகாரிலும் இருந்தேன். பிறகு வாடிக்கையாளர் சேவை கவுன்டர். 2000 அக்டோபர் 1 அன்று இலாகா பி.எஸ்.என்.எல். ஆனது. கவுன்டரில்தான் நான் ஒன்றைக் கண்டேன். பில் தகராறு என்று வரும் வயதானவருக்குப் பல நேரம் பில் பிரச்சினையே இருக்காது. மகன் அமெரிக்காவில் இருப்பான், பேசி மாதமாகியிருக்கும். போன் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்லம்மா என்பார். போன் நன்றாகவே வேலை செய்யும். அதைச் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி வருவார். உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசினால் முகம் தெளிந்து போவார். கவுன்டரில் அதற்கு நேரம் இல்லை. ஆனால் அந்த முகங்கள் எனக்குள் தங்கிவிட்டன.

மூன்றாவது மாற்றம் விருப்ப ஓய்வு. 2019இன் கடைசியில் 50 வயதை எட்டியவர்களுக்கு அந்தத் திட்டம் வந்தது. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வெளியேறினோம். மாலை சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தோம். இரண்டு மாதம் ஆகும் முன்பே ஊரடங்கு.

பழைய ஆபரேட்டர்கள் சிலர் எங்களுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டோம். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற சீனியர்கள், அவர்களுக்குத் தெரிந்த முதியவர்கள். ஆளுக்குச் சிலர் என்று பிரித்து, மருந்து இருக்கிறதா, சாப்பாடு வருகிறதா என்று தினமும் போன் செய்தோம். முதல் நாட்களில் மருந்துப் பெயரோடு பேச்சு முடிந்தது. போகப்போக எவரும் போனை வைக்கவில்லை. ஒருமுறை பழைய சூப்பர்வைசர் ஒருவர், என் முதுகுக்குப் பின்னால் நின்று என் டிக்கெட்டுகளைச் சரிபார்த்தவர், "நீ பேசுறப்பதான் வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கு. நாளைக்கும் கூப்பிடுவியா?" என்று கேட்டார். இதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் படிக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நான்காவது மாற்றம் அது. முதல் மூன்றும் என் மேல் வந்தவை. இதை மட்டும் நானே போய்த் தேடிக்கொண்டேன்.

வீட்டில் மகள் உடனே சரி என்றாள். கணவர் மட்டும் ஒருநாள் யோசித்துவிட்டு, "ஓய்வெடுக்கத்தான வாங்கின?" என்று கேட்டார். "ஓய்வு கிடைச்சதாலதான் படிக்க முடியுது" என்றேன். சிரித்தார். என் பிராக்டிகல் வகுப்பு நாட்களில் சமையல் அவர் பொறுப்பானது. ஸ்ப்ளிட் டியூட்டிக் காலத்தில் இது நடந்திருக்காது. அவரும் மாறியிருந்தார்.

ஆலோசகர் படிப்பில் எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது சமாரிட்டன்ஸ் அமைப்பின் கதை. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசியை வைத்தார். நேரிலும் கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் டீ கொடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசியவர்களில் பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போனது. அதைக் கவனித்த அவர் 1954இல் அந்தப் பணியை அந்தச் சாதாரண மனிதர்களிடமே ஒப்படைத்தார். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் காதை நம்பித்தான் நடக்கிறது. பாடத்தைப் படித்தபோது, என் போர்டு வாழ்க்கைக்கு யாரோ மதிப்புப் போட்டது போல் இருந்தது.

அதற்காக, பழைய திறமை போதும் என்று சொல்லமாட்டேன். கற்க நிறைய இருந்தது. "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லக் கூடாது. அறிவுரையை அவசரமாக நீட்டக் கூடாது. ஒருவர் வாழ்ந்தது போதும் என்ற தொனியில் பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல வழி திறக்கும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த காலத்தில் குடும்பங்கள் வாய் திறக்கப் பயந்தன. 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவரைத் தண்டிக்காமல் கவனித்துக்கொள்ளச் சொன்னது. எங்கள் வேலைக்கு அது பெரிய பலம். எங்களால் முடியாததை உரிய இடத்துக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்: முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் 14416.

இவற்றோடு என் பழைய காது சேர்ந்துகொள்கிறது. "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று தொடங்கும் அழைப்பில் விஷயம் பின்னால் வருகிறது என்று தெரிகிறது. மூச்சு எங்கே நிற்கிறது என்று கேட்கிறது. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென "ம்", "சரி" என்று மட்டும் சொன்னால் பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள். அப்போது கேள்விகளை மாற்றி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்க வேண்டும். அன்று 3 நிமிடத்தில் குறுக்கே போனேன்; இன்று எதிர்முனையில் மௌனம் இருந்தாலும் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அன்று போலவே இன்றும் கேட்டதை வெளியே சொல்வதில்லை. ரகசியம் காப்பது மட்டும் இரண்டு வேலைக்கும் பொது.

எனக்கு இங்கே கிடைக்கும் தொகை சிறியது. மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தால்தான் மனதுக்குப் பிடித்ததைச் செய்ய முடிகிறது. அம்மா அடுப்படியிலிருந்து சொன்னது இதுதான். பெண்கள் மாற்றத்தில் தங்களைக் கண்டுகொள்கிறார்கள் என்று மேடைகளில் சொல்லும்போது, அந்த மாற்றத்தைத் தாங்க அவர்களுக்குக் காலின் கீழ் என்ன இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். சம்பளம், பயிற்சி, வீட்டில் ஒரு கை உதவி, படிக்க ஒரு வழி. இவை இருந்தால் மாற்றம் வாசலாகிறது. இல்லாதவர்களுக்கு அது வேலையிழப்பு மட்டும்தான்.

என் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஒரு கால் சென்டரில் இருக்கிறாள். அழைப்புகளுக்குக் கணினிக் குரலே பதில் சொல்லத் தொடங்கிவிட்டது என்றும், அவளுடைய டீமில் ஆட்கள் குறைகிறார்கள் என்றும் போன மாதம் சொன்னாள். "சித்தி, நான் இனி என்ன பண்ண?" என்று கேட்டாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை, பயம் நியாயமானது. கோபமாகப் பேசுபவரை எப்படி அடக்குகிறாய், எந்த இடத்தில் மெஷின் தோற்று உன்னிடம் வருகிறது, உனக்கு மட்டும் கேட்பது எது என்று எழுதச் சொன்னேன். அதில் எதற்குப் படிப்பு இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளை வேலைக்கு வைத்திருப்பவர்களும் நாற்காலியை எடுக்கும் முன் அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது கிடைத்தது. அவளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.